ஷெல் திறக்கும் இடம்

ஒரே கோப்புறைக்கு நாளொன்றுக்குப் பத்து தடவை போகவேண்டியவர்கள், டெர்மினலைத் திறந்து நீண்ட பாதையை ஒவ்வொரு முறையும் அடித்து அலுத்தபின், அந்தக் காரியத்தை நாலு வரி ஸ்கிரிப்டிடம் ஒப்படைத்துவிடுவது இன்று சர்வசாதாரணமான வழக்கம். வழக்கம் நல்லது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் நாம் நிற்கும் இடத்தைக் கண்ணால் பார்த்து நிச்சயம் செய்துகொள்ளும் பழக்கத்தை அது பறித்துவிடுமானால், அதன் சௌகரியமே அபாயமாக முடியும்.

லினக்ஸில் இதைப் புதிதாகச் செய்து பார்ப்பவர் ஒரு விசித்திரத்தைச் சந்திக்கிறார். டைரக்டரி மாற்றும் சிடி ஆணையை ஒரு கோப்பில் எழுதி ஓட்டினால் பிழைச்செய்தி எதுவும் வராது; ஆயினும் இருந்த இடத்திலேயே இருப்போம். நடப்பு டைரக்டரி என்பது ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனித்தனியே உரியதாகையால், ஸ்கிரிப்டுக்காகப் பிறந்த சேய் ப்ராசஸ் தன் இடத்தை மாற்றிக்கொண்டு, வேலை முடிந்ததும் மறைந்துவிட, தாய் ஷெல் அசையாமல் நிற்கிறது. யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்திலேயே இது அனுபவமாயிற்று: பிடிபி-7 கணினியில் சேய் ப்ராசஸை உண்டாக்கும் ஃபோர்க் வசதி சேர்ந்தவுடன், அதுவரை தனி நிரலாக ஒழுங்காக ஓடிவந்த டைரக்டரி மாற்றும் ஆணை திடீரென்று பயனற்றுப்போனதையும், அதை ஷெல்லுக்குள்ளேயே அமைக்க நேர்ந்ததையும் யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆகவே, ஸ்கிரிப்டைச் சோர்ஸ் ஆணையால் இருக்கும் ஷெல்லுக்குள்ளேயே ஓட்டவேண்டும். அல்லது இடம் மாறியபின் எக்ஸெக் மூலம் ஒரு புதிய ஷெல்லை ஸ்கிரிப்டின் ஸ்தானத்தில் அமர்த்தவேண்டும். நான் சிபாரிசு செய்வது பின்னதையே. எக்ஸிட் என்று அடித்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம்.

விண்டோஸின் தொல்லை வேறு. அதன் கட்டளைச் சாளரத்தில் சி டிரைவிலிருந்து டி டிரைவிலுள்ள கோப்புறைக்குப் போக, சிடியோடு சாய்கோடும் டி எழுத்தும் சேர்க்காவிட்டால் டிரைவ் மாறாது. விஸ்டா காலம் முதல் ஷிஃப்டை அழுத்தி வலது கிளிக் செய்தாலே கட்டளைச் சாளரம் அந்தக் கோப்புறையில் திறந்ததே, ஸ்கிரிப்ட் எதற்கு என்று கேட்பவர் உண்டு. மெனு இடத்தை மட்டுமே தரும். அந்த வேலைக்குரிய என்விரான்மென்ட் மாறிகளையும் பைதான் சூழலையும் சேர்த்து ஆயத்தம் செய்துவைப்பது ஸ்கிரிப்ட்தான்.

இனி என் குறை. ஒருமுறை கோப்புறையின் பெயரை மாற்றிய நான், ஸ்கிரிப்டைத் திருத்த மறந்தேன். சிடி தோற்றது, அது சொன்ன பிழைச்செய்தியை அடுத்த வரியிலிருந்த கிளியர் ஆணை துடைத்துவிட்டது. ப்ராம்ப்டையோ அழகுக்காக வெறும் டாலர் குறியாகச் சுருக்கி வைத்திருந்தேன். வழக்கமான இடந்தானே என்ற விசுவாசத்தில், டெக்ஸ்ட் கோப்புகளை எல்லாம் அழிக்கும் ஆர்எம் ஆணையை அடித்தேன்; ஹோம் டைரக்டரியில் மூன்று வருஷமாகச் சேர்த்த குறிப்புகள் ஒரு க்ஷணத்தில் போயின. அன்று சிடி வரியின் பின்னால் இரண்டு செங்குத்துக் கோடுகளும் எக்ஸிட்டும் சேர்த்தேன், இடைவெளியுள்ள பெயர்களுக்காகப் பாதையை மேற்கோள் குறிக்குள் வைத்தேன், கிளியரை நீக்கினேன். இப்போது கோப்புறை இல்லையென்றால் ஷெல் திறப்பதே இல்லை. திறக்கும்போதெல்லாம் முழுப் பாதையும் ப்ராம்ப்டில் என் கண்முன் நிற்கிறது.