இஞ்சு ஸ்பேனர் கேட்கும் பஸ்

ஐம்பது வயதைத் தாண்டிய லேலண்ட் காமெட் பஸ் ஒன்றை விமர்சனம் செய்வதில் ஒரு வசதி உண்டு. ஷோரூம் விலை, மைலேஜ், போட்டி வண்டி எது என்ற வழக்கமான கேள்விகளை யாரும் கேட்கப்போவதில்லை. மிஞ்சுவது இரண்டே கேள்விகள்: மறுபடி ஓடுமா? ஓடினால் நிற்குமா?

வண்டி நிற்பது கடையநல்லூரில், மதுரை–கொல்லம் சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில். ஆர்.சி. புத்தகத்தில் 1973 என்று இருக்கிறது. ரூட் பஸ்ஸாக ஓடி, பிறகு ஆள் ஏற்றி இறக்கி, கடைசியில் ஒரு தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கிய வண்டி. வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர் அதை வாங்கியிருக்கிறார். சினிமா படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவர் வெளியே சொல்லும் காரணம். சின்ன வயதில் அதே மாதிரி பஸ்ஸின் பானட் மேல் உட்கார்ந்து புளியங்குடி போனது உண்மையான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டுமே தப்பில்லை. ஆனால் எந்தக் காரணத்துக்காக வாங்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எந்த வேலையை முதலில் செய்வது என்பது மாறும்.

பட்டறை பாய் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுப் பையனிடம் சொன்ன முதல் வார்த்தை: "ஏல, இஞ்சு ஸ்பேனர் பெட்டிய எடுத்துட்டு வா." பழைய வண்டிக்காரர்களுக்கு இது புரியும். லேலண்ட் இங்கிலாந்து வழி வந்தது; பழைய இன்ஜினில் போல்ட்டும் நட்டும் இஞ்சுக் கணக்கு. டாடாவோ 1954 முதல் 1969 வரை பென்ஸ் நிறுவனத்தோடு கூட்டு வைத்திருந்ததால் எல்லாம் மில்லிமீட்டர். எண்ணூரில் 1948இல் ஆஸ்டின் கார் பூட்டுவதற்காகத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அந்த இங்கிலாந்து உறவின் மிச்சம் இன்றும் பட்டறைப் பெட்டியில் தனி ஸ்பேனர் செட்டாகக் கிடக்கிறது. மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து இஞ்சு நட்டைத் திருகினால் மூலை மழுங்கும், பிறகு உளிதான். இந்த வண்டியில் ஏற்கெனவே யாரோ அப்படி மழுக்கிய நட்டுகள் ஏராளம். பழைய வண்டியைப் பார்க்கும்போது பெயின்டைப் பார்ப்பதைவிட நட்டு முகத்தைப் பார்ப்பது மேல். முன்னால் கை வைத்தவர் தொழிலாளியா, அவசரக்காரரா என்று அது சொல்லிவிடும்.

அடியில் போய்ப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு சடங்கு. ஜாக்கி ஏற்றிய பிறகு ஆக்சிலுக்கு அடியில் தடிமனான மரக்கட்டை அடுக்க வேண்டும். "ஜாக்கிய நம்பி அடியில போகாதல, கட்டைய நம்பு" என்று பாய் பையனை அதட்டியது எனக்கும் சேர்த்துத்தான். பிறகு முன் டயருக்கு அடியில் கடப்பாரையை நெம்பி, மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இருந்தது. பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆட்டினால் வீல் பேரிங் ஆட்டம் மறைந்துவிடும். அப்போதும் மிஞ்சுகிற ஆட்டம் கிங் பின்னுடையது. இங்கே பெரும்பங்கு கிங் பின்தான். பயப்பட வேண்டிய செய்தி இல்லை. பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்துப் புதிது போட்டு, ரீமர் ஓட்டினால் சரியாகிவிடும். லேத் பட்டறை உள்ள எந்த ஊரிலும் முடிகிற வேலை.

சேஸ் வேறு விஷயம். இரண்டு நீள உத்தரங்களையும் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் கணீரென்று கேட்கும்; துரு தின்ற இடம் மந்தமாகக் கேட்கும். பின் பட்டைகளைத் தாங்கும் ஹேங்கர் பக்கத்தில், ரிவெட் ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பியிருக்கிறதா என்று கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் விரிசல் இல்லை. ஆனால் உத்தரத்தின் அடி மடிப்பில் யாரோ குறுக்கே வெல்டிங் வைத்து ஒரு கொக்கி மாட்டியிருக்கிறார்கள். பாரம் தாங்குகிற மடிப்பில் வெல்டிங் வைப்பதோ துளை போடுவதோ கூடாது. விரிசலுக்கு நாமே இடம் குறித்துக் கொடுத்த மாதிரி. கொக்கியை அறுத்து, வெல்டிங்கைச் சமமாகத் தேய்த்துவிட்டு, அந்த இடத்தை அவ்வப்போது கண்காணிப்பதென்று முடிவானது.

அடியிலேயே படுத்துக்கொண்டு இன்னொரு காரியமும் செய்தேன். ஒவ்வொரு பாகத்திலும் அழுக்கைத் துடைத்துப் பெயர்த் தகட்டைப் படித்தேன். சக்கரத்தில் வீல்ஸ் இந்தியா, டைனமோவில் லூகாஸ் டிவிஎஸ், காற்று கம்ப்ரஸரில் சுந்தரம் கிளேட்டன். மூன்றுமே 1960, 1961, 1962 என்று அடுத்தடுத்த வருடங்களில் சென்னைப் பாடிப் பக்கம் முளைத்தவை, மூன்றும் டி.வி. சுந்தரம் அய்யங்கார் குடும்பத்துக் கம்பெனிகள். அந்தக் குடும்பம் 1912இல் மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரிவாயுவில் பஸ் ஓட்டும் கருவியைத் தானே செய்து விற்றது. பின்னால் 1972இல் மதுரைத் தடங்கள் அரசின் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. பஸ் ஓட்டுவது கையை விட்டுப் போனாலும், ஓடுகிற பஸ்களுக்குள் எல்லாம் அவர்களுடைய பாகங்கள் இருந்தன. தொழில் வரலாறு எழுதுகிறவர்கள் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறார்கள். கொஞ்சம் கிரீஸ் பட்டாலும் பரவாயில்லை என்றால் இங்கேயும் வரலாம்.

இப்போது இன்ஜின். காமெட்டில் இன்ஜின் ஓட்டுநருக்குப் பக்கத்தில், பஸ்ஸுக்குள்ளேயே இருக்கும். மேலே ரெக்சின் போர்த்திய பானட். கோடையில் ஓட்டுநரின் இடது கால் வேகும். மார்கழியில் அதுவே சுகம். பெயர்ப் பலகையில் 370. கன இஞ்சில் கொள்ளளவு. லிட்டரில் ஏறத்தாழ 6. ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது, ஒரு சென்சர்கூடக் கிடையாது. 2020 ஏப்ரலிலிருந்து விற்கிற பி.எஸ். 6 பஸ்ஸில் புகைக் குழாய்க்கு யூரியா, புகைக்கரி வடிகட்டி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கம்ப்யூட்டர். அதில் ஒரு சென்சர் கோபித்துக்கொண்டாலும் லேப்டாப் உள்ள ஆள் வர வேண்டும். புகை விஷயத்தில் புதிய வண்டி எவ்வளவோ மேல். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பழுதைக் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் தொட்டுக் கண்டுபிடிக்க முடிகிற சுகம் மட்டும் பழையதில்தான்.

பல வருடம் நின்ற டீசல் இன்ஜினைச் சாவி போட்டுத் திருகிப் பார்ப்பது பெரிய முட்டாள்தனம். லைனரில் துரு இருந்தால் ரிங் உடையும். பாய் ஆறு நாசில்களையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஆயில் ஊற்றி ஊற விட்டார். பிறகு கிராங்க்கைக் கையால் திருப்பினார். முதலில் முரண்டு, பிறகு முனகல், பிறகு ஒரே சீரான சுற்று. டேங்க்கிலிருந்து வடித்த டீசல் தேநீர் நிறத்தில் இருந்தது. டேங்க்கை இறக்கிக் கழுவி, பில்டர்களையும் ரப்பர் ஹோஸ்களையும் மாற்றியாயிற்று. இப்போது வருகிற டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். அந்தக் காலத்து ரப்பர் சீல்களுக்கு இந்த எரிபொருள் எப்போதும் ஒத்துப்போவதில்லை. மைக்கோ பம்ப்பைத் தனியாகக் கழற்றி பம்ப் சர்வீஸ் கடைக்கு அனுப்பினார்கள். அங்கேதான் தெரிந்தது, உள்ளே ரேக் இறுகிப்போய்ப் பாதித் திறப்பில் நின்றிருக்கிறது. அப்படியே பூட்டி ஸ்டார்ட் செய்திருந்தால் இன்ஜின் தன் போக்கில் வேகம் எடுத்திருக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. பழைய டீசலுக்கு மின்சாரம் ஸ்டார்ட் ஆகும்வரைதான் தேவை.

பம்ப் சரியாகி வந்த பிறகும் பாய் சும்மா இருக்கவில்லை. ஏர் கிளீனரைக் கழற்றி வைத்துவிட்டு, காற்று போகும் வாயை அடைக்கிற அளவுக்கு ஒரு பலகையை வெட்டிப் பையன் கையில் கொடுத்தார். "வண்டி கத்துச்சுன்னா எதையும் பாக்காத, பலகைய வச்சு அமுக்கு." ஹேண்ட் பிரைமரை அடித்து ஏர் எடுத்தார்கள், குமிழி நின்று சுத்தமான டீசல் வந்ததும் ஸ்க்ரூவை இறுக்கினார்கள். ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் முள் எழும்வரை சுழற்றினார்கள். கம்பியை விட்டார்கள். இரண்டு சிலிண்டர், நான்கு சிலிண்டர், பிறகு ஆறும் சேர்ந்தது. முதலில் வெள்ளைப் புகை. சூடு ஏற ஏற அது குறைந்து, லேசான நீலம் மட்டும் மிஞ்சியது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் ஆவி வருகிறது, ஆனால் சீறவில்லை. ரிங் தேய்மானம் இருக்கிறது, இன்ஜினை உடனே இறக்க வேண்டிய அளவுக்கு இல்லை. ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம் என்பது என் கணிப்பு. பாய்க்கும் அதுதான்.

ஓட்டிப் பார்த்தது பட்டறைக்குப் பின்னால் உள்ள காலி மனையில். எஃப்.சி. இல்லாத வண்டி சாலையில் இறங்கக் கூடாது. ஸ்டீரிங் பெரியது, பவர் உதவி கிடையாது. நின்றபடி திருப்பத் தோள் வேண்டும். வண்டி நகர ஆரம்பித்துவிட்டால் ஆச்சரியமாக லேசாகிறது. கியர் மாற்றும்போது கிளட்ச்சை இருமுறை மிதிக்க வேண்டும்: மிதித்து நியூட்ரல், விட்டு ஆக்சிலேட்டரில் ஒரு தட்டு, மறுபடி மிதித்துக் கீழ்க் கியர். சரியாக விழுந்தால் வெண்ணெய். தவறினால் ஊருக்கே கேட்கும். மனையில் இரண்டாவது கியருக்கு மேல் இடம் இல்லை. அந்த அளவிலேயே இந்த இன்ஜினின் இழுவை தெரிந்துவிட்டது. மெதுவான சுற்றில், அலட்டாமல், சுமையோடு போகச் செய்யப்பட்ட ஜாதி.

நிற்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கேதான் என் மதிப்பெண் சரிகிறது. ஏர் பிரேக் இருக்கிறது. ஆனால் ஒரே சுற்று. ஒரு குழாய் வெடித்தால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இன்றைய பஸ்களில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்று; காற்று இறங்கினால் ஸ்பிரிங் தானாகச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இதில் காற்று இறங்கினால் கைப்பிரேக்கும் குலதெய்வமும்தான். காற்றை 7 கிலோவுக்கு ஏற்றி, இன்ஜினை அணைத்துவிட்டு முள்ளைப் பார்த்தோம், கண்ணெதிரே இறங்கியது. சோப்பு நுரை தடவியதில் பிரேக் சேம்பர் டயாப்ரம், இரண்டு இணைப்புகள், மிதி வால்வு எல்லாமே ஒழுகல். டேங்க் வடிகால் திறந்தால் காற்றைவிடத் தண்ணீர் அதிகம். குற்றாலச் சாரல் அடிக்கிற இந்தப் பக்கத்தில் கொட்டகைக்குள் நின்றாலும் ஈரம் விடாது.

டிரம்மைத் திறக்கும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தூசியை ஏர் அடித்து ஊதுவது எல்லாப் பட்டறையிலும் பழக்கம்; நுரையீரலுக்கு அது விஷம். தண்ணீரால் நனைத்துத் துடைத்து எடுக்கச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள், பிறகு செய்தார்கள். டயர் கடையிலும் இதே கவனம் வேண்டும். பழைய ரிம்மில் வளையம் தனி. துருப்பிடித்த வளையம் காற்று ஏற்றும்போது தெறித்தால் ஆளைக் கொல்லும். இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று ஏற்ற வேண்டும்.

வயரிங் முழுக்கப் புதிதாக இழுக்க வேண்டும். அதில் பேச ஒன்றுமில்லை.

பாடிதான் பணத்தைத் தின்னும் இடம். இது மரச்சட்டம் போட்டு, மேலே அலுமினியத் தகடு ரிவெட் அடித்த பழைய கட்டு. வெளியே பளபளக்கும் தகட்டுக்குப் பின்னால் தூண்களின் அடிப்பாகம் உளுத்துக் கிடக்கிறது. தரைப் பலகையில் பின்சக்கரத்துக்கு மேலே கால் வைத்தால் இறங்குகிறது. கூரைமேல் சாமான் வைக்கும் கேரியரும் பின்னால் ஏணியும் உயிரோடு இருப்பது ஆறுதல். படப்பிடிப்புக்காரர்கள் கேட்பது அதைத்தான். கரூரில் பஸ் பாடி கட்டும் தொழில் பெரிது, ஆனால் இன்று அங்கே எல்லாம் இரும்புக் குழாய்ச் சட்டம். மரச்சட்டம் தெரிந்த பழைய ஆசாரி கிடைத்தால் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உரிமையாளருக்கு ஆசை, முழுவதையும் பிரித்துப் புதிதாகக் கட்டிவிடலாம் என்று. நான் வேண்டாம் என்றேன். உளுத்த தூணை மட்டும் வெட்டிப் புது மரம் ஒட்டவைப்பது கஷ்டமான வேலை, மெதுவான வேலை. ஆனால் எல்லாவற்றையும் மாற்றினால் மிஞ்சுவது பழைய சேஸ் மேல் ஏறிய புதிய பஸ்; அதற்கு எந்தப் படப்பிடிப்பும் கூடுதல் வாடகை தராது.

கடைசிச் சிக்கல் பட்டறையில் தீராதது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருந்தால் வி.ஏ. என்ற எழுத்தோடு தனி நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அது இருசக்கர வண்டிக்கும் காருக்கும் மட்டும். பஸ் அந்த விதிக்குள் வரவே வராது. அம்பாசிடரும் ராஜ்தூத்தும் பாரம்பரியம். ஒரு ஊரையே சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சுமந்த பஸ் பழைய இரும்பு. 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் ரத்தாகிவிட்டதால் கட்டபொம்மன், பாண்டியன் போக்குவரத்துக் கழகங்களின் காலத்துப் பஸ்கள் எதுவும் அரசிடம் ஓட்டத்தில் இருக்க வழியில்லை. 1920இல் பொள்ளாச்சி–பழனிக்கு ஒரே பஸ்ஸோடு தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் பெயரில் கோயம்புத்தூரில் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. பஸ்ஸுக்கென்று அப்படி ஓர் இடம் தமிழ்நாட்டுக்குத் தேவை என்பது என் அபிப்பிராயம். அதுவரை இந்த வண்டி, படப்பிடிப்புத் தளத்துக்கு ஒரு லாரியின் முதுகில் ஏறித்தான் போக வேண்டியிருக்கும்.

ஆகவே இப்படியொரு வண்டி விலைக்கு வந்தால் சேஸ் தட்டிப் பாருங்கள், நட்டைப் பாருங்கள், சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். சொந்தமாகக் கொட்டகையும் காலி மனையும் இல்லையென்றால் வாங்க வேண்டாம். உரிமையாளர் கேட்டது சீட்டுத் துணியின் நிறத்தைப் பற்றி. பாய் ஒரு சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுத்த பட்டியலில் முதல் வரி மிதி வால்வு, இரண்டாவது டயாப்ரம், மூன்றாவது லைனிங், அதன் பிறகு கிங் பின். சீட்டு அதில் இல்லை. "அது தீவாளி கழிச்சுப் பாத்துக்கிடலாம் முதலாளி" என்றார்.