துரியோதனன் மிட்டாய் வாங்கப் போனான்

ஹாலோவீன் மாதிரி ஒரு பண்டிகை உலகத்தில் கிடையாது. அதைச் சொல்லப் புதுச்சேரிப் பக்கத்து அரியூர்க்காரிக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். எல்லாத் தகுதியும் எங்களுக்குத்தான்! புரட்டாசி சனிக்கிழமையில் சொம்புக்கு நாமம் போட்டு வீடு வீடாக அரிசி வாங்கியவள் நான். பங்குனி, சித்திரையில் விடிய விடியக் கூத்து பார்த்து, அடுத்த நாள் வகுப்பில் தூங்கி விழுந்தவள். மாசியில் மயானக்கொள்ளைக்குக் காளி வேஷம் கட்டி நாக்கைத் துருத்திக்கொண்டு வருகிறவரைப் பார்த்து ஆயாவின் முந்தானைக்குள் ஒளிந்தவள். இப்படி ஒருத்தியை அக்டோபர் 31-ஆம் தேதி சாயங்காலம் அமெரிக்கத் தெரு ஒன்றில் கொண்டுவந்து விட்டால், அவள் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பாளா? வேஷம் கட்டிவிட மாட்டாளா?

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம். ஓக் ட்ரீ ரோட்டில் கொலுவுக்குச் சாமான் வாங்கித் திரும்பும்போதே வீட்டு வாசல்களில் எலும்புக்கூடுகள் முளைத்திருக்கும். புல்தரையில் கல்லறைக் கற்கள், மரத்துக்கு மரம் சிலந்தி வலை, கூரையில் காற்றடைத்த சூனியக்காரி. கொலுவைப் போலத்தான் இதுவும். வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாகச் சேர வேண்டும், இல்லையென்றால் அந்த வீட்டுக்கு மனசு ஆறாது. ஹோம் டிப்போ கடை 2020-இல் பன்னிரண்டு அடி உயர எலும்புக்கூடு ஒன்றை விற்பனைக்கு விட்டது. விலை 299 டாலர். எங்கள் தெருமுனையில் அதை வாங்கிய குடும்பம் வருஷம் முழுக்க அதை உள்ளே எடுத்து வைப்பதே இல்லை. டிசம்பரில் அதற்குச் சிவப்புக் குல்லா, கோடையில் கறுப்புக் கண்ணாடி. எனக்கு அதைக் கண்டாலே சிரிப்பு வந்துவிடும். பன்னிரண்டு அடி பேய்க்கு வணக்கம் சொல்லிவிட்டு ஆபீஸ் போகிற பாக்கியம் வேறு எந்த ஊரில் கிடைக்கும்?

அன்று சாயங்காலத்துக்கு எழுதாத சட்டங்கள் சில உண்டு. வாசல் விளக்கு எரிந்தால் அந்த வீட்டுக்குப் போகலாம். அணைந்திருந்தால் தொந்தரவு செய்யக்கூடாது. “ட்ரிக் ஆர் ட்ரீட்” என்று கத்த வேண்டும். கொடுத்ததை வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல வேண்டும். வாசலில் நீலப்பச்சைப் பூசணிக்காய் இருந்தால், வேர்க்கடலை, பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்காக அங்கே மிட்டாய் அல்லாத சின்னச் சாமான்கள் இருக்கின்றன என்று அர்த்தம். 2014-இல் நாடு முழுக்கப் பரவிய நல்ல வழக்கம் அது. சாக்லேட்டை முழு அளவில் கொடுக்கும் வீடு எது, பெரிய மனசு பண்ணிப் பல்துலக்கும் பிரஷ் கொடுக்கும் பல் டாக்டர் வீடு எது என்று பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். டாக்டர் வீட்டுக்கும் போகத்தான் போகிறார்கள்; அந்த மனுஷர் டிராகுலா வேஷத்தில் நின்று பிரஷ் கொடுத்தால் யார்தான் போகாமல் இருப்பார்கள்!

பேய், பூசணிக்காய் எல்லாம் நமக்கு அந்நியம் என்று ஊரில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். கட்டிக்கொண்டிருக்கும் எந்த வீட்டையாவது அவர்கள் அண்ணாந்து பார்க்கட்டும். உருட்டு விழி, முறுக்கு மீசை, கோரைப்பல், தொங்கும் நாக்கோடு திருஷ்டிப் பூசணி நம்மைத்தானே முறைக்கிறது! அயர்லாந்தில் குளிர்காலம் தொடங்கும் ‘சவின்’ நாளன்று செத்தவர்கள் நடமாடுவார்கள் என்று நம்பிய ஜனங்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே நெருப்பு வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறியவர்களோடு அந்த வழக்கமும் அமெரிக்கா வந்தது. இங்கே டர்னிப்பைவிடப் பெரிதாக, குடைவதற்குச் சுலபமாகப் பூசணி கிடைத்தது. அவ்வளவுதான் கதை. சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலத்தைக் கீழே இறக்க அங்காளம்மன் சுடுகாட்டில் சோற்றை வாரி இறைத்தாள் என்ற கதையை மேல்மலையனூர்ப் பக்கத்து ஜனங்களாகிய நாம் பாலோடு குடித்து வளர்ந்தோம். மண்டையோடும் மயானமும் நமக்குப் புதுசா?

பிரான்சில் இருக்கும் உறவுகளுக்குத்தான் இந்தக் குஷி அவ்வளவாகத் தெரியாது. புதுச்சேரிக்காரர்களில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் ‘சொல்தா’ குடும்பத்து ஆள் ஒருவராவது உறவில் இல்லாத வீடு குறைவு. எங்களுக்கும் பாரீசைச் சுற்றி ஏகப்பட்ட அத்தைகள். 1997-இல் பிரான்ஸ் டெலிகாம் கம்பெனி ஈபிள் கோபுரத்துக்கு எதிரே ஆயிரக்கணக்கில் பூசணிக்காயைக் குவித்து விளம்பரம் செய்து பார்த்தது. இருந்தும் அங்கே பெரிய நாள் என்றால் நவம்பர் 1-தான். சாமந்திப் பூந்தொட்டியோடு கல்லறைக்குப் போகிற நாள். “எங்களுக்கு எதுக்கும்மா இந்த அமெரிக்கக் கூத்தெல்லாம்?” என்பார் அத்தை. பேரப்பிள்ளைகள் சூனியக்காரித் தொப்பியோடு நிற்கும் போட்டோவை அனுப்பிவிட்டுத்தான் அதையும் சொல்வார்.

சர்க்கரைக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. 1942-இல் தொடங்கி 1947 வரை நீடித்தது. மிட்டாய் இல்லாமல் கதவைத் தட்டுவது எப்படி? வீடு வீடாகப் போகும் வழக்கமே படுத்துவிட்டது. ரேஷன் நீங்கிய பிறகுதான் அது நாடு தழுவிய கோலாகலமாக எழுந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஒரே பெருமை. அரியூர் என்றாலே எங்கள் காலத்தில் சர்க்கரை ஆலைதானே! விழுப்புரம் ரோட்டில் கரும்பு மாட்டு வண்டிகளும் டிராக்டர்களும் வரிசை கட்டி நிற்கும். பின்னால் தொங்கும் கரும்பை உருவிக்கொண்டு ஓடுவது எங்கள் தினசரி வேலை. ஆலை ஓடும் மாதங்களில் ஊர் முழுக்க ஒரு இனிப்பும் புளிப்பும் கலந்த பாகு வாசம். இப்போது மகள் மிட்டாய்ப் பையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டும்போது குப்பென்று வரும் வாசம் அதற்குக் கொஞ்சம்தான் மாற்று குறைவு.

புரட்டாசி சனிக்கிழமைகளைச் சொல்லியே ஆக வேண்டும். விடியற்காலையில் கிணற்றடியில் குளித்து, நெற்றியில் நாமம் இட்டு, பித்தளைச் சொம்புக்கும் அதே மாதிரி நாமம் போட்டு, கழுத்தில் துளசி சுற்றிக்கொண்டு கிளம்புவோம். வாசலில் நின்று “வெங்கட்ரமணா... கோவிந்தா!” என்று ஒருத்தன் எடுத்துக் கொடுக்க, பத்துத் தொண்டைகள் “கோவிந்தா!” போடும். வீட்டுக்காரம்மா முறத்தில் அரிசி கொண்டுவந்து ஆளுக்கு ஒரு பிடி போடுவார். சில்லறை போடும் வீடு, நிறைய போடும் வீடு, விளக்கமாற்றைக் காட்டும் வீடு என்று எங்களிடமும் பட்டியல் இருந்தது. மாநிலம் மாறி, கண்டம் மாறி வந்து பார்த்தால் கிட்டத்தட்ட அதே சமயம், அதே கூச்சல், அதே பட்டியல்! என் உடம்புக்கு இந்தத் திருவிழா ஏற்கெனவே தெரிந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

வேஷம் மட்டும் எங்களுக்குக் கடையில் கிடைத்ததில்லை. பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டிக்கு முதல் நாள் ராத்திரிதான் வீட்டில் தகவல் சொல்வோம். அம்மா திட்டிக்கொண்டே பெட்டியைத் திறப்பார். அப்பாவின் வேட்டி பாரதியாருக்குத் தலைப்பாகை ஆகும். பாரதியார் 1908-லிருந்து பத்து வருஷம் புதுச்சேரியில் வாழ்ந்தவராயிற்றே, எங்கள் போட்டிகளில் மேடைக்கு ஐந்து பாரதியாராவது நிச்சயம். மீசைக்கு அடுப்புக்கரியும் தேங்காய் எண்ணெயும். ஔவையாருக்கு விபூதி, தலைக்குப் பஞ்சு, கைக்கு முருங்கைக் கொம்பு. ஒரு வருஷம் அண்ணன் காய்ந்த கரும்புச் சோகையைக் கட்டுக்கட்டாகச் சணலில் கோத்து, எனக்குக் கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் கட்டிக் கரடி ஆக்கினான். அடடா, என்ன கரடி அது! நடந்தால் சரசரவென்று சத்தம். உடம்பெல்லாம் அரிப்பு, கழுத்தெல்லாம் சோகை அறுத்த கோடுகள். முன்வரிசைக் குழந்தைகள் அலறிய அலறலில் பரிசு தானாக வந்தது. எவர்சில்வர் டம்ளர்.

அதற்கெல்லாம் எங்களுக்குப் பாடசாலை கூத்துக் கொட்டகைதான். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே பின்பக்கம் போய் உட்கார்ந்துவிடுவோம். அரிதாரம் குழைப்பது, கண்ணாடிக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்து தானே தன் முகத்துக்குக் கோடு இழுப்பது, இடுப்பைச் சுற்றித் துணியைத் திணித்துப் பாவாடையைக் குடையாக விரிப்பது எல்லாம் நடக்கும். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிச் சில்லுக்கண்ணாடி பதித்த கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கடைசியில்தான் ஏற்றுவார்கள். பகலில் எங்கள் தெருவில் பீடி பிடித்துக்கொண்டு போன மனுஷர் துரியோதனனாக எழுந்து நிற்பார். அந்த நிமிஷத்துக்காகத்தான் ராத்திரி முழுக்கக் கண்விழித்தது.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் வீட்டு வேஷம்தான் இருந்திருக்கிறது. 1930-களில் பென் கூப்பர் போன்ற கம்பெனிகள் பெட்டிக்குள் வேஷம் விற்க ஆரம்பித்தன. ஒரு முகமூடி, ஒரு மேலங்கி, அந்த அங்கியிலேயே கதாபாத்திரத்தின் படம். இப்போது செப்டம்பர் வந்தால் காலிக் கட்டடத்திலெல்லாம் வேஷக்கடை திறக்கிறார்கள். வாங்குகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் ஏது! ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஹாலோவீனில் பாதிச் சுகம் அக்டோபர் முழுக்க அட்டை வெட்டிப் பசை தடவுவதில் இருக்கிறது. கடை வேஷத்தில் அந்தப் பாதி பெட்டியோடு போய்விடுகிறது.

2024-ஐ நான் சாகும்வரை மறக்கமாட்டேன். தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள், அக்டோபர் 31! காலையில் எண்ணெய்க் குளியல், கங்கா ஸ்நானம் ஆச்சா என்று ஊரிலிருந்து போன், சாயங்காலம் பேய். மாதம் முழுக்க நியூ ஜெர்சியில் மழையே இல்லை. அன்றைக்கு நம்ப முடியாத வெதுவெதுப்பு. வழக்கமாக எந்த வேஷம் போட்டாலும் மேலே குளிர்க்கோட்டு மாட்டி மூடிவிட வேண்டும். சிண்டரெல்லாவும் ஸ்பைடர்மேனும் கோட்டுக்குள் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். அந்த வருஷம் கோட்டு வேண்டாம். மகளைத் துரியோதனன் ஆக்கினேன்.

கிரீடம் அமேசான் அட்டைப்பெட்டி. சில்லுக்கண்ணாடிக்குப் பழைய சி.டி.களைக் கத்தரித்து ஒட்டினோம். விளக்கு பட்டால் வானவில் அடித்தது, அசல் கிரீடத்துக்குக்கூட அந்தப் பவிசு கிடையாது. ஓரத்துக்கு நைந்துபோன என் பட்டுச்சேலையின் ஜரிகை. பாவாடை விரிவதற்கு உள்ளே ஒரு ஹூலா வளையம். முகத்துக்குத் துரியோதனனுக்கு உரிய சிவப்பு, மேலே கன்னம் தொடும் மீசை. ஊரிலிருந்து அண்ணன் வீடியோவில் மேற்பார்வை: “புருவத்தை இன்னும் மேல ஏத்தும்மா, பொம்பளப் புள்ள மாதிரியே இருக்குது!” பொம்பளைப் பிள்ளைதானே அண்ணா!

கூத்தில் ராஜா வேஷம் திடுதிப்பென்று வந்துவிடாது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள், பின்னால் சலங்கை மட்டும் கேட்கும், பிறகுதான் திரை விலகும். அதையும் விடவில்லை. வீட்டுக்காரர் ஒரு முனை, பக்கத்து வீட்டுக் குஜராத்திப் பையன் மறு முனை, நடுவில் படுக்கை விரிப்பு. ஒவ்வொரு வாசலிலும் மணி அடித்துவிட்டு விரிப்பைப் பிடித்தார்கள். கதவு திறக்கும், உள்ளே இருப்பவர்கள் கண்ணுக்கு ஒரு பூப்போட்ட துணியும், அதன் கீழே குதிக்கும் இரண்டு சின்னக் கால்களும்தான். ஜல், ஜல், ஜல். நான் “பராக்! பராக்!” என்று கட்டியம் கூற, துணி விழும். சி.டி. கிரீடம் மின்ன ஒரு சுற்றுச் சுற்றி, தொடையைத் தட்டி, “ட்ரிக் ஆர் ட்ரீட்!”

மூன்றாவது வீட்டிலிருந்து எங்கள் பின்னால் கூட்டம். இரண்டு பேட்மேன், ஒரு வாழைப்பழம், சக்கர நாற்காலியை ராக்கெட்டாக மாற்றிக்கொண்ட ஒரு குட்டிப் பையன் எல்லாரும் மிட்டாய் வாங்குவதை விட்டுவிட்டுத் திரை விழுவதைப் பார்க்கவே கூட வந்தார்கள். இத்தாலிய வம்சத்துத் தாத்தா ஒருவர், “இன்னொரு தடவை!” என்று கதவைச் சாத்தி மறுபடி திறந்தார். தாராளமாக நான்கு முழுச் சாக்லேட். கடைசியில் கூட்டம் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது. தெரியாத வீட்டுப் பலகாரத்தைப் பிள்ளைகள் தின்னக்கூடாது என்பதால் பெற்றவர்களிடம் கேட்டு, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்லித்தான் முறுக்கும் அதிரசமும் நீட்டினேன். வாழைப்பழம் இரண்டு அதிரசத்தைத் தின்றுவிட்டு மூன்றாவதைப் பைக்குள் போட்டுக்கொண்டது.

பெரியவர்களுக்கு வேண்டுமானால் நியூ யார்க் கிரீனிச் வில்லேஜ் ஊர்வலம் இருக்கிறது. ரால்ஃப் லீ என்ற முகமூடிக் கலைஞர் 1970-களில் தொடங்கி வைத்தது. கழியில் ஏந்திய ராட்சதப் பொம்மைகள் ஆறாவது அவென்யூவில் மிதந்து வரும். அதன் அழகே வேறு: டிக்கெட் இல்லை, தேர்வு இல்லை, வேஷம் போட்டிருந்தால் யார் வேண்டுமானாலும் ஊர்வலத்தில் சேர்ந்து நடக்கலாம். ஊரில் கூத்துக்காரர் பின்னால் நடந்தே தேய்ந்த செருப்புகளுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்!

இந்த வருஷத்துக்கு மகள் திருஷ்டிப் பூசணி ஆகிறாளாம். உருண்டைக்கு ஜிம்மில் போடும் பெரிய ரப்பர் பந்து, மேலே காகிதக்கூழ். அவள் அப்பா எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிறாகப் பக்கத்தில் தொங்கியபடி வர வேண்டும் என்று உத்தரவு. காகிதம் ஊறப் போட்டாயிற்று, அவருக்குத்தான் இன்னும் பச்சைக் கலரில் பேன்ட் கிடைக்கவில்லை.