11/4 எப்படி ஏப்ரல் 11 ஆனது?

ஜூன் மாத ரோயல் அஸ்கொட் விழாவில் முதல் ஓட்டம் அங்கே பிற்பகல் 2.30க்குத் தொடங்கும்போது மட்டக்களப்பில் இரவு 7 மணி. கல்லடிப் பாலத்து விளக்குகள் வாவியில் விழுந்திருக்கும். பிரித்தானியாவின் கோடைக்கும் நமக்கும் நாலரை மணித்தியால இடைவெளி, குளிர்காலத்தில் ஐந்தரை. அதனால் இலங்கையில் இங்கிலாந்துக் குதிரைகளுக்குப் பணம் கட்டுகிறவர்களுக்கு வேலை முடிந்த பிறகுதான் ரேஸ் தொடங்குகிறது. கட்டுகிறவர் அந்தக் குதிரையைப் பார்த்ததில்லை, அந்தப் புல்லை மிதித்ததும் இல்லை. நமக்குப் பக்கத்தில் குதிரை என்றால் நெடுந்தீவில் நிற்பவைதான், அவை யாருக்காகவும் ஓடுவதில்லை. ஆகவே கையில் இருப்பதெல்லாம் எழுத்தும் எண்ணும். முன்பு ரேஸ் தாள், பிறகு கைப்பேசி. இப்போது கணக்கில் கெட்டிக்காரரான சில இளைஞர்கள் பல வருடப் பெறுபேறுகளை ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு, அதற்குள் ஒரு வழி இருக்கிறதா என்று தேடுகிறார்கள்.

தேடட்டும். ஆனால் பெரும்பாலானோர் அந்தக் கோப்பின் மிகப் பெறுமதியான நிரலைத் திறக்கும் நொடியிலேயே உடைத்துவிடுகிறார்கள். அது விலை நிரல்.

பிரித்தானியாவில் விலை பின்னமாக எழுதப்படும். 11/4 என்றால் 4 ரூபா கட்டினால் 11 ரூபா இலாபம், கட்டிய 4 ரூபாவும் திரும்பி வரும். காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பை டபுள் கிளிக் செய்து எக்செல்லில் திறந்தால், மென்பொருள் 11/4ஐப் பின்னமாகப் பார்ப்பதில்லை. அதற்கு அது ஏப்ரல் 11. 5/2 பெப்ரவரி 5. நமது கணினிகளில் நாள் முன்னும் மாதம் பின்னுமாக இருப்பதால் இப்படி. அமெரிக்க அமைப்பில் உள்ள கணினியில் அதே 11/4 நவம்பர் 4 ஆகிவிடும். எக்செல் நாள்களை 1900 ஜனவரி 1ஐ ஒன்றாக வைத்து எண்ணிக்கொண்டு போகிறது. 2025இல் அந்தக் கோப்பைத் திறந்து சேமித்திருந்தால் 11/4 என்ற விலை உள்ளுக்குள் 45758 என்ற எண்ணாக உட்கார்ந்திருக்கும். 100/30, 100/1 போன்றவற்றுக்கு ஒத்த நாள் இல்லாததால் அவை எழுத்தாகவே தப்பிவிடும். நிரலில் பாதி நாள், பாதி எழுத்து. அதற்குச் சராசரி எடுத்தவர் நாற்பதாயிரத்துச் சொச்சம் என்ற விடையைப் பார்த்துத் திகைப்பார். திகைத்தவர் அதிர்ஷ்டசாலி, தவறு கண்ணில் பட்டுவிட்டதே.

சுமக்கும் எடைக்கும் இதே கதி. 9-2 என்பது 9 ஸ்டோன் 2 இறாத்தல், அதாவது 128 இறாத்தல். எக்செல்லுக்கு அதுவும் பெப்ரவரி 9. குதிரையின் கடந்த ஓட்டங்களைக் காட்டும் 0041 என்ற வரிசை வெறும் 41 ஆகிவிடும். அதிலுள்ள பூச்சியம் முதல் ஒன்பது இடங்களுக்கும் பின்னால் வந்ததைச் சொல்கிறது. அழிந்தால் இரண்டு மோசமான ஓட்டங்களும் சேர்ந்து அழிந்தன. இந்தத் தொல்லை குதிரைக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு, மார்ச்1, செப்ட்1 போன்ற பெயர்களை எக்செல் நாள்களாக்கிவிடுகிறது என்பதற்காகவே 2020இல் அந்தப் பெயர்களை மாற்றியது. விஞ்ஞானிகளே மென்பொருளுக்குப் பணிந்துவிட்டார்கள்.

மருந்து சுலபம். டபுள் கிளிக் வேண்டாம். முதலில் வெறுமையான தாளைத் திறந்து, டேட்டா பகுதியில் உள்ள ஃப்ரொம் டெக்ஸ்ட் வழியாகக் கோப்பை உள்ளே கொண்டுவந்து, விலை, எடை, பழைய ஓட்டங்கள் ஆகிய மூன்று நிரல்களையும் எழுத்து வகை என்று குறித்துவிட வேண்டும். பின்னத்தைத் தசமமாக்குவதைப் பிறகு ஒரு சூத்திரத்தால் நாமே செய்துகொள்ளலாம்.

அளவையும் கவனிக்க வேண்டும். பிரித்தானியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 பந்தயங்கள் நடக்கின்றன. பந்தயத்துக்கு எட்டுக் குதிரை என்றாலே ஒரு வருடத்துக்கு 80,000 நிரை. எக்செல்லின் பழைய வடிவக் கோப்பு 65,536 நிரைகளுக்கு மேல் ஏற்காது. 2020 ஒக்டோபரில் இங்கிலாந்தின் கொவிட் கணக்கில் ஏறத்தாழ 16,000 தொற்றாளர்கள் விடுபட்டுப் போனது இந்தப் பழைய வடிவத்தால்தான். ரேஸ் கோப்பில் இப்படி வெட்டுப்பட்டால் ஒக்டோபரோடு வருடம் முடிந்துபோகும். நவம்பர், டிசம்பர் சேற்றில் ஓடிய குதிரைகள் இல்லாத ஓர் உலகத்தை நாம் ஆராய்ந்துகொண்டிருப்போம்.

இனி உள்ளடக்கம். குதிரையின் உடல் நீளத்தால் அளக்கும் முடிவுத் தூரத்தைச் சில கோப்புகள் உடனே முன்னால் வந்த குதிரையிலிருந்து கணக்கிடும், சில வென்ற குதிரையிலிருந்து. இரண்டையும் கலந்தால் ஐந்தாவதாக வந்த குதிரை அரை நீளத்தில் தோற்றதாகத் தெரியும், உண்மையில் ஆறு நீளம் பின்னால் இருந்திருக்கும். கழுத்தளவு, தலையளவு, மூக்களவு என்பன எழுத்துக் குறியாக வரும். கழுத்தைக் கால் நீளம் என்றும் மற்றவற்றை அதற்குக் குறைவாகவும் எண்ணாக்கிக்கொள்ள வேண்டும். விழுந்த குதிரை, ஜொக்கியைக் கீழே தள்ளிய குதிரை, பாதியில் நிறுத்தப்பட்ட குதிரை ஆகியவற்றுக்கு இடத்தில் எண் இராது, எழுத்துத்தான் இருக்கும். எண் இல்லாத நிரைகளைச் சுத்தம் செய்கிறேன் என்று நீக்கிவிடுகிறவர்கள் உண்டு. தடை தாண்டும் ஓட்டத்தில் அது பெரும் பிழை. விழுவதும் அங்கே ஒரு பெறுபேறு.

ஹண்டிகப் பந்தயம் என்றால் என்னவென்று இங்கே சொல்லியாக வேண்டும். கெட்டிக்காரக் குதிரைக்குக் கூடுதல் எடை, மற்றவற்றுக்குக் குறைவு; எல்லாம் ஒரே கோட்டில் வந்து முடிய வேண்டும் என்பது எடை போடும் அதிகாரியின் கனவு. தரப்புள்ளி ஒன்றுக்கு ஓர் இறாத்தல். ஐந்து பர்லாங் ஓட்டத்தில் ஒரு நீளம் ஏறத்தாழ மூன்று இறாத்தலுக்குச் சமம் என்பது பழைய வாய்ப்பாடு. தூரம் கூடக் கூட ஒரு நீளத்தின் எடைப் பெறுமதி குறையும், இரண்டு மைலில் ஓர் இறாத்தல் அளவுக்கு வந்துவிடும். 1948இல் டைம்ஃபோர்ம் நிறுவனத்தைத் தொடங்கிய ஃபில் புல் கணிதப் பட்டதாரி. ஓடிய நேரத்தை வைத்துக் குதிரையை அளந்தவர், அதற்கு அவர் பயன்படுத்தியது பேனையும் தாளும்.

எடை, நேரம், தூரம், தரையின் ஈரம் என எல்லாவற்றையும் சரியாகத் திறந்து வைத்தாயிற்று என்று கொள்வோம். இப்போது வருகிறது உண்மையான சிக்கல். இவை எல்லாம் விலைக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. 11/4 என்ற விலையை 15இல் 4 என்று திருப்பினால் நூற்றுக்கு 26.7 என்ற வாய்ப்பு கிடைக்கும். அந்த எண்ணை ஒருவர் மட்டும் சொல்லவில்லை. லாயத்துக்குள் இருப்பவர், பயிற்றுநரின் நண்பர், காலையில் தரையை மிதித்துப் பார்த்தவர், கணினியோடு உட்கார்ந்திருப்பவர் என எல்லோருடைய பணமும் சேர்ந்து சொன்னது. அதற்கு மேல் புக்கியின் பங்கு. மூன்று குதிரை ஓட்டத்தில் விலைகள் 1/1, 2/1, 3/1 என்றால் வாய்ப்புகள் 50, 33.3, 25. கூட்டினால் 108.3. அந்த மேலதிக 8.3தான் கடையின் வாடகை. பிரித்தானியாவில் பேவரிட், அதாவது மிகக் குறைந்த விலையுள்ள குதிரை, ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை வெல்கிறது. அப்படியிருந்தும் பேவரிட் மேல் மட்டும் கட்டிக்கொண்டு போனால் பணம் குறைந்துகொண்டே போகும். பெரிய விலைக் குதிரைகளில் அது இன்னும் வேகமாகக் குறையும். மக்கள் அவற்றின் வாய்ப்பை மிகைப்படுத்துகிறார்கள் என்பதை அமெரிக்க உளவியலாளர் கிரிஃபித் 1949இலேயே எழுதிவிட்டார்.

விலையை வென்றவர் இல்லையா? உண்டு. சீட்டு எண்ணி கசினோக்களில் பழகிய அமெரிக்கர் பில் பென்டர் 1980களின் நடுவில் ஹொங்கொங் போனார். 1986இல் போல்டன், சாப்மன் என்ற இருவர் குதிரைகளின் வெற்றி வாய்ப்பைக் கணக்கிடும் ஒரு புள்ளியியல் முறையை வெளியிட்டிருந்தார்கள். பென்டர் அதை எடுத்து வளர்த்தார். 1994இல் அவரே எழுதிய கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது அவர் சேர்த்த காரணிகளின் பட்டியல் அல்ல. தன் கணக்கு தந்த வாய்ப்பை அவர் அப்படியே நம்பவில்லை. சந்தையின் விலையை இரண்டாம் கட்டத்தில் உள்ளே எடுத்து, இரண்டையும் கலந்தார். கூட்டத்தைத் தோற்கடிக்கப் போனவர், கூட்டத்துக்குத் தெரிந்ததைத் தன் சூத்திரத்துக்குள் வைத்துக்கொண்டார். நம் பொடியன்களின் கோப்புகளில் நான் காணாதது இதைத்தான். அவர்களுக்கு விலை என்பது இலாபத்தைப் பெருக்கிப் பார்க்கும் கடைசி நிரல் மட்டும்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. கோப்பிலுள்ள ஸ்டார்ட்டிங் பிரைஸ் ஓட்டம் புறப்படும் நொடியின் விலை. பின்னேரம் 5 மணிக்குக் கட்டும் ஒருவருக்கு அது தெரியாது. அதை வைத்துக் குதிரையைத் தெரிவுசெய்து பழைய வருடங்களில் சோதித்தால் தாளில் இல்லாத இலாபத்தைக் காட்டக்கூடும். இன்னொரு பொறி, நிபந்தனைகளை அடுக்குவது. ஈரத் தரை, இடது வளைவு, மூன்று வயது, குறிப்பிட்ட ஜொக்கி, சனிக்கிழமை என்று வடிகட்டிக்கொண்டே போனால் எந்தக் கோப்பும் கடைசியில் ஒரு தங்க விதியைத் தரும். நாற்பது குதிரைகளில் பதினைந்து வென்றிருக்கும். முதல் ஐந்து வருடத்தில் கண்ட விதியை, தொடாமல் வைத்த அடுத்த மூன்று வருடத்தில் ஒரேயொரு முறை ஓட்டிப் பாருங்கள். மிஞ்சினால் பேசலாம்.

பென்டர் ஹொங்கொங்கைத் தெரிந்தெடுத்தது ஏன் என்பதும் கவனத்துக்குரியது. ஹப்பி வெலி, ஷா டின் என்று இரண்டே ஓடுபாதைகள், திரும்பத் திரும்ப ஒன்றையொன்று சந்திக்கும் அதே குதிரைகள், கொட்டிக் கிடக்கும் பணம். பிரித்தானியாவிலோ ஏறக்குறைய 60 ஓடுபாதைகள், ஒவ்வொன்றும் ஒரு வளைவு, ஒரு மேடு. மட்டக்களப்பிலிருந்து கோப்பு வழியே ரேஸ் படிக்கத் தொடங்குகிறவர் இங்கிலாந்தை விட்டு ஹொங்கொங்கைப் பிடிப்பதே புத்தி. அங்குள்ள ஜொக்கி கிளப் பெறுபேறுகளை ஓட்டத்தின் பகுதி நேரங்களோடு இலவசமாக வெளியிடுகிறது. விலையும் தசமத்தில் இருப்பதால் ஏப்ரல் 11 தொல்லை இல்லை.

நம் நாட்டு ரேஸை என்ன செய்வது? கொழும்பு ஓடுபாதை இரண்டாம் உலகப் போரில் விமானத்தளமாகி, இன்று ரக்பி மைதானம். எஞ்சி நிற்பது 1875இல் தொடங்கிய நுவரெலியா. அங்கே கவர்னர்ஸ் கப் பந்தயம் ஓடுவது ஏப்ரல் பருவத்தில். வருடத்துக்குச் சில நாள்கள் என்றால் எந்தச் சூத்திரத்துக்கும் தீனி போதாது. போல்டனும் சாப்மனும் எடுத்த 200 பந்தயங்களே குறைவுதான். 6,000 அடிக்கு மேல், ஏப்ரலின் பிற்பகல் இடிமழையில், முதல் ஓட்டத்துக்கு இருந்த தரை நாலாவது ஓட்டத்துக்கு இராது. அங்கே போகிறவருக்கு நான் சொல்வது மடிக்கணினி வேண்டாம், ஒரு கொப்பி போதும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன் மழை பெய்ததா, தரை எப்படி, எடை எத்தனை இறாத்தல், கடைசி விலை என்ன, வென்ற நேரம் எவ்வளவு என்று கையால் எழுதுங்கள். அடுத்த ஏப்ரலில் அதே குதிரைகளில் சில திரும்பி வரும், அப்போது உங்களிடம் இருக்கும் அந்தத் தாள் வேறு எவரிடமும் இராது.