யாருடைய லைனிங் இது?

பெரம்பலூரில் ஓர் ஆரி வகுப்பின் நிறைவு நாளுக்குப் போயிருந்தேன். மாணவிகள் வேலை செய்த ஜாக்கெட் கைகளை ஒரு மேசையில் விரித்து வைத்திருந்தார்கள். மயில், மாங்காய், கோயில் யானை. மூன்று மாதம் பழகிய கைக்கு நல்ல வேலை. முதல் பரிசு அவற்றில் எதற்கும் கிடைக்கவில்லை. பக்கத்து மேசையில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருந்தது. அதற்குள் நாற்பதுக்கு மேற்பட்ட ஜிப் கவர்களை அலமாரிப் புத்தகம்போல நிறுத்தி வைத்திருந்தாள் ஒரு பெண். சுகர் பீட்ஸ் நிறவாரியாக, கட் பீட்ஸ் தனியாக, குந்தன் கல் அளவுவாரியாக, ஜர்தோசி, சம்கி, ஊசி, கொக்கி, எல்லாவற்றிலும் பெயர்ச்சீட்டு. பரிசு அந்தக் கூடைக்குத்தான். வாடிக்கையாளர் வீட்டுக்கு வந்தால் இதைப் பார்த்ததுமே நம்பிக்கை வரும், தொழில் நேர்த்தி என்பது இதுதான் என்று பயிற்சி தந்தவர் மேடையில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை.

ஜிப் கவரின் பயன் எனக்குத் தெரியாமல் இல்லை. சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் அரியலூர்ச் சாலையோரம் குடியிருந்தவள் நான். தெருவைப் பார்த்த ஜன்னலில் மெஷினைப் போட்டால், வெள்ளை நூல்கண்டு ஒரு வாரத்தில் சாம்பல் நிறமாகிவிடும். கவருக்குள் போட்டால் ஆகாது. கடுகைவிடச் சிறிய மணி தரையில் சிந்திப் போகாது. உள்ளே என்ன இருக்கிறது என்று திறக்காமலே தெரியும். விலையும் கைக்கு அடக்கம். இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்.

பிளாஸ்டிக் என்பதற்காகவும் நான் எதிர்க்கவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. அந்த வாதத்தைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஜிப் கவரைப் பத்து வருடம் திரும்பத் திரும்பப் பயன்படுத்துபவர்களும் உண்டு. ஈரம் பற்றி ஒரு வார்த்தை: ஐப்பசி மழையில் மூடிய ஊசிக் கவரைத் தை மாதம் திறந்தால் முனையில் செம்புள்ளி இருக்கும், உள்ளே மாட்டிய ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. வெள்ளிச் சரிகையும் மூடிய கவருக்குள் கறுக்கும். பட்டுப் புடவையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்த நம் பாட்டிகளுக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் என் பல வருட மனத்தாங்கல் வேறு.

அரியலூர் செந்துறை சாலையில் ஒரு சிறிய தையல் கடை. உள்ளே சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஒரு பை. ஜவுளிக்கடைப் பை, மஞ்சப்பை, கல்யாணத் தாம்பூலப் பை, காது அறுந்து முடிச்சுப் போட்ட கட்டைப்பை. புதிதாக உள்ளே வருபவர் கண்ணுக்கு அது குப்பை. ஒரு பையை இறக்கிப் பாருங்கள். ஜாக்கெட் துணி, அதற்கென்று வாங்கிய லைனிங், அளவு ஜாக்கெட், அந்தத் துணிக்கு நிறம் பார்த்து வாங்கிய ஒரே ஒரு நூல்கண்டு, அட்டையில் குத்திய கொக்கி, பைப்பிங்குக்கு ஒதுக்கிய கரைத்துண்டு, ஒரு சீட்டு. துணி வாங்கும்போதே அதன் ஓரத்தில் விரல்நகம் அளவு ஒரு துண்டு வெட்டி ரசீதுப் புத்தகத்தில் பின் அடித்துவிடுவார் தையல்காரர். பை எங்கே போனாலும் அந்தத் துண்டு சொல்லிவிடும், இது இன்னாருடையது என்று. தீபாவளிக்கு முந்தின வாரம் முப்பது நாற்பது பை தொங்கும்போதும் அவர் கை தவறியதில்லை. பொருள் என்ன வகை என்று அவர் அடுக்கவில்லை. யாருடைய வேலை என்றுதான் அடுக்கியிருக்கிறார்.

நம் ஊரில் கைத்தொழில் எல்லாமே இந்தக் கணக்கில்தான் நடந்திருக்கிறது. ஜெயங்கொண்டத்தைச் சுற்றி இலையூர், வாரியங்காவல் பக்கம் பட்டுத்தறி போடுபவர்களைக் கேளுங்கள். பாவு, ஊடை, சரிகை மூன்றும் ஒரு பாவுக்கு இவ்வளவு என்று எடைபோட்டு வரும். புடவை நெய்து கொடுக்கும்போது எடைபோட்டே திரும்ப வாங்குவார்கள். ஒரு பாவின் சரிகையை இன்னொரு பாவின் சரிகையோடு, நிறம் ஒன்றுதானே என்று ஒரே டப்பாவில் போட்டால் அந்த வீட்டில் கணக்கு நிற்காது. பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் வெட்டிய துணி கட்டாகத்தான் கைக்கு வரும், கட்டாகத்தான் திரும்பும். திருப்பூர் பனியன் கம்பெனியில் அதே கட்டுக்குப் 'பண்டில்' என்று பெயர். அளவும் எண்ணும் எழுதிய சீட்டு கடைசி மெஷின் வரைக்கும் அதோடு போகும். இவர்கள் யாரும் பொருளை வகை பிரிக்கத் தெரியாதவர்கள் இல்லை. தைப்பவளுக்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் அவளுடைய பொருள் கிடையாது, இன்னொருவர் நம்பிக் கொடுத்த பொருள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தங்கை கல்யாணத்துக்கு அரக்கு நிறத்தில் ஜாக்கெட். காட்டன் லைனிங் வாங்கி, அம்மா அதை ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, நீவி மடித்துத் துணியோடு சேர்த்துக் கொடுத்தாள். வீட்டில் தைக்கும் ஒரு பெண்தான் வாங்கிக்கொண்டாள். திறமைசாலி, கை சுத்தம். புதிதாக ஒழுங்கு கற்றிருந்தாள். வந்த பைகளையெல்லாம் பிரித்து, லைனிங்கை நிறவாரியாகக் கவரில் போட்டு, கொக்கியை ஒரு கவரில் கொட்டி, நூலை இன்னொரு கவரில் அடுக்கி வைத்திருந்தாள். அரக்கு லைனிங் கவரில் மூன்று பேருடையது இருந்தது. மூன்றும் பார்வைக்கு ஒன்றுதான். எது தண்ணீர் கண்டது, எது காணாதது என்று துணி சொல்லாது. அதைச் சொல்லிக்கொண்டிருந்தது அம்மா கொடுத்த பை. அந்தப் பை மடித்து எங்கோ போய்விட்டது. கல்யாணத்தன்று ஜாக்கெட் அச்சாக நின்றது. முதல் முறை அலசியதும் லைனிங் உள்ளே சுருங்கி, மேல்துணி தோளிலும் அக்குளிலும் கொசகொசவென்று நின்றது. தங்கை அதை மறுபடி போடவே இல்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல இன்றும் எனக்கு மனம் வராது. அவள் சோம்பலால் தவறவில்லை, சொல்லிக்கொடுத்தபடி செய்துதான் தவறினாள்.

இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது? 1968இல் அமெரிக்காவில் டவ் கெமிக்கல் நிறுவனம் ஜிப்லாக் பையைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அது சமையலறைப் பொருள். உணவை மூடி வைக்கும் பை. பிறகு அங்கே பொழுதுபோக்காகத் தைப்பவர்களும் பின்னுபவர்களும் அதைத் தங்கள் அறைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது பொருந்தும். அறை அவர்களுடையது, பொத்தானும் நூலும் அவர்களுடையது, எப்போது எதைத் தைப்பது என்பதும் அவர்கள் இஷ்டம். வருடக்கணக்கில் சேர்ந்த சொந்தப் பொருளை வகை பிரிக்காமல் என்ன செய்வது? அதையே நம் ஊரில் கூடத்து மூலையில் மெஷின் போட்டு, அடுத்த வீட்டுத் துணியைத் தைத்துப் பிழைக்கும் பெண்ணிடம் தொழில் இலக்கணம் என்று கொடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கவர் மீது ஏன் பழி, ஒரு ஆர்டருக்கு ஒரு பெரிய கவர் என்று போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். போடலாம். போடுகிறவளை நான் இன்னும் பார்க்கவில்லை. கண்ணாடிபோலத் தெரிகிற சின்னக் கவர் கையில் வந்ததும், ஒரு கவருக்கு ஒரு நிறம் என்றுதான் மனம் போகிறது. இரண்டு பொருள் கலந்தால் அழகு குலைகிறது. பாதி தைத்த ஜாக்கெட் அதில் அடங்காது. அடங்காததெல்லாம் அசிங்கம் என்று கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. ஆணியில் தொங்கும் பை எதையும் மறுக்காது. பாதி வெட்டியதையும் பாதி தைத்ததையும் அது தாங்கும்.

இன்னொன்று இருக்கிறது, இதுதான் எனக்கு மிகவும் வலிப்பது. ஆரி கற்று வரும் பெண்களில் பலர் கூலி கேட்கத் தெரியாமல் தவிக்கிறார்கள். கல்யாண ஜாக்கெட் ஒன்றை இரவு பகலாகப் பதினைந்து நாள் போட்டுவிட்டு, கடைசியில் வாங்கும் பணத்தில் பொருள் செலவு எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எப்படித் தெரியும்? பொன்னிற மணி ஒரே கவரில் இருக்கிறது. போன மாத ஆர்டரில் மிஞ்சியதும், இந்த ஆர்டருக்கு வாங்கியதும், வகுப்பில் கொடுத்ததும் அதில்தான். அள்ளி அள்ளிப் போடுகிறாள். தீர்ந்தால் கடைக்குப் போய் வாங்கி அதே கவரில் நிரப்புகிறாள். கவர் எப்போதும் நிறைந்தே இருக்கிறது. இந்த ஜாக்கெட் எத்தனை பாக்கெட் தின்றது என்று அவளுக்குத் தெரிய வழியே இல்லை. தறிக்காரர் சரிகையை எடைபோடுகிறார். தையல்காரர் பையில் மிஞ்சிய கொக்கியை எண்ணித் திருப்பிக் கொடுக்கிறார். ஒரு வேலைக்கு ஒரு பை என்று வைத்திருந்தால், முடிந்த அன்று மிச்சத்தைப் பார்த்தே செலவு தெரிந்துவிடும். கூலியை வாய்திறந்து கேட்க ஒரு பிடிமானம் கிடைக்கும். அந்தக் கணக்கைச் சொல்லித்தராத வகுப்பு, கவரில் பெயர்ச்சீட்டு ஒட்டக் கற்றுத்தந்து அதற்குப் பரிசும் கொடுக்கிறது.

விழா முடிந்து கூட்டம் கலைந்த பிறகு பரிசு வாங்கிய பெண்ணிடம் போய்ப் பேசினேன். அடுத்து ஓர் ஆர்டர் வந்தால் எப்படி ஆரம்பிப்பாய் என்று கேட்டேன். ஆர்வத்தோடு காட்டினாள். கூடையிலிருந்து ஒவ்வொரு கவராக உருவினாள். பதினோரு கவர். துணி பூட்டிய ஆரிச் சட்டத்தைச் சுற்றித் தரையில் பரப்பினாள். சட்டத்தின் முன்னால் உட்கார்ந்தால் வலது கை மேலே ஊசியில், இடது கை கீழே நூலில். மணி தீரும்போதெல்லாம் இரண்டு கையையும் எடுத்து, கவரைப் பிரித்து, கொட்டி, விரலால் நீவி மூட வேண்டும். இரண்டாவது கவரைத் திறக்கும்போதே சிரித்துவிட்டாள். "வீட்ல இப்படிப் பண்ண மாட்டேங்க்கா. தட்டுல கொட்டிக்குவேன்."

வீட்டு வேலையை எதில் வைத்திருக்கிறாய் என்றேன். கொஞ்சம் தயங்கினாள். மேசை விரிப்பைத் தூக்கி, காலுக்கடியிலிருந்து ஒரு பழைய ஜவுளிக்கடைப் பையை இழுத்தாள். உள்ளே பாதி போட்ட பச்சைப் பட்டு ஜாக்கெட் கை இரண்டு, அளவு ஜாக்கெட், கடைக்காரர் மடித்துக் கொடுத்த காகிதத்திலேயே மிச்ச மணி, நூல்கண்டு ஒன்று. நோட்டில் கிழித்த தாளில் பெயர், கல்யாணத் தேதி, வாங்கிய முன்பணம், அதற்குக் கீழே வாங்கின பாக்கெட்டுக்கு ஒரு கோடாக ஏழு கோடு.

"இதை ஏம்மா மேசையில வைக்கல?"

"அது காட்டுறதுக்கு இல்லக்கா. அத்தை பொண்ணு கல்யாண ஜாக்கெட், இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டு, யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்பதுபோல அதை மறுபடி விரிப்புக்குக் கீழே தள்ளினாள்.