அப்பர் பவானி டிரவுட்: நல்ல விதி, தப்பான மீன்

மஞ்சூரிலிருந்து கோரகுந்தா வழியாக மேலே ஏறினால், தேயிலை முடிந்து புல்வெளியும் சோலையும் தொடங்குமிடத்தில் அப்பர் பவானி அணை. அதற்கு வடக்கே அவலாஞ்சி, எமரால்டு. இந்தத் தண்ணீரில் டிரவுட் இருப்பதை நீலகிரியின் பெருமைகளில் ஒன்றாகச் சொல்வார்கள். டிரவுட் தூண்டில் என்ற பழக்கத்தில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, வெளியிலிருந்து வந்த மீன். மற்றொன்று, அதைப் பிடிக்க வகுத்த விதிகள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுவதால்தான் புகழ்பவர்களும் திட்டுபவர்களும் பாதி சரியாகவே பேசுகிறார்கள்.

1863-ல் பிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் இங்கிலாந்து டிரவுட்டை இந்த மலைக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். நான்கு ஆண்டு கழித்து, 1867-ல், இதே ஓடைகளில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த நீலகிரி டேனியோ என்ற சிறுமீனை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவர்தான். வேறெங்கும் இல்லாத இந்த மீனைப் பதிவுசெய்த கைதான், அதை விழுங்கக்கூடிய மீனையும் கொண்டுவரப் பார்த்தது. அந்தக் காலத்து மனம் அப்படி. விரலளவு மீன் அவர்கள் கணக்கில் மீனே இல்லை.

அந்த முயற்சி பலித்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சென்னை மாகாண அரசின் மீன்வள நிபுணர் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். பழுப்பு டிரவுட் நிலைக்கவில்லை. வானவில் டிரவுட் நிலைத்தது. குளிர்மாதங்களில் தாய்மீனின் வயிற்றைக் கையால் மெல்லப் பிதுக்கி முட்டை எடுப்பது, ஆண்மீனின் விந்தோடு கலப்பது, ஓடும் குளிர்நீரில் பொரிக்க வைப்பது, குஞ்சுகளை ஓடைகளிலும் அணைகளிலும் விடுவது என்று ஒரு கைத்தொழிலே இங்கே வளர்ந்தது.

விதிகளின் கதை இந்தக் குஞ்சு பொரிப்பகத்தைவிடப் பழையது. 1877-ல் வேட்டைக்காரர்கள் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். 1879-ல் நீலகிரி விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் அடிப்படை எளிமையானது: உரிமம் இல்லாமல் பிடிக்காதே, பருவம் தவறிப் பிடிக்காதே. நோக்கம் துரைமார்களின் பொழுதுபோக்குதான். மலைக்காரர்களை வெளியே நிறுத்தி எழுதப்பட்ட விதி அது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஓர் ஓடையின் மீனுக்கு எல்லை உண்டு, எடுப்பவர் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இந்த மலையில் வேர்விட்டது அதனால்தான். தூண்டில்காரருக்குத் தெளிந்த நீர் வேண்டும். ஆகவே ஓடை கலங்கினால் முதலில் குரல் கொடுக்கிறவரும் அவராகவே இருப்பார். சுயநலத்திலிருந்து பிறந்த காவல் என்றாலும் காவல் காவல்தான்.

மீனின் பக்கம் வந்தால் எனக்குத் தயக்கம் இல்லை. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் வானவில் டிரவுட்டும் இடம்பெற்றிருக்கிறது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலை ஏரிகளில், முன்பு மீனே இல்லாத இடங்களில் டிரவுட்டை விட்டார்கள். தலைப்பிரட்டைகளை அது தின்று தீர்க்கத் தவளைகள் குறைந்தன. சில ஏரிகளிலிருந்து டிரவுட்டை அகற்றியதும் தவளைகள் திரும்பின. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளோ வேறெங்கும் இல்லாத தவளைகளின் வீடு. இங்கே ஒவ்வொரு குஞ்சு விடுகையும் அந்த வீட்டுக்குள் பூனையை விடுவதுதான்.

பருவம் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவின் ஒன்டாரியோ ஏரிகளில் வால்ஐ என்ற மீன் வசந்தத்தில் முட்டையிட்டு முடிக்கும்வரை தூண்டிலுக்குத் தடை; பல பகுதிகளில் மே மாதத்தில்தான் அனுமதி. மீனின் உடலைப் பார்த்து எழுதிய நாட்காட்டி அது. நம் மே மாதமோ ஊட்டி சீசன். விருந்தினருக்குத் தூண்டில் ஆசை வரும் அதே நேரத்தில், தென்மேற்குப் பருவமழைக்கு முன் அணைகள் வற்றி, மேல்நீர் சூடேறி, டிரவுட் மூச்சுக்காக ஆழத்துக்கும் ஓடை வாய்க்கும் ஒதுங்குகிறது. 20 பாகையைத் தொடும் நீரில் அதைப் போராட வைத்துக் களைத்துப்போகச் செய்து, பிறகு 'விட்டுவிட்டேன்' என்று படம் எடுப்பதில் கருணை குறைவு. விட்ட மீன் பின்னால் சாகும் வாய்ப்பு வெப்பத்தோடு ஏறுகிறது. கோடையில் பிடித்தால் தின்பதற்குப் பிடியுங்கள் என்றே சொல்வேன்.

இன்று நிலைமை தலைகீழ். குஞ்சு வளர்ப்பு இன்னும் பெருமைக்குரியதாகப் பேசப்படுகிறது. கணக்கு வைக்கும் பழக்கம் மங்கிவிட்டது. முக்கூர்த்தி தேசியப் பூங்கா எல்லைக்குள் தூண்டில் கூடாது, அப்பர் பவானிக்கு வனத்துறை அனுமதி வேண்டும், இரண்டும் சரியே. ஆனால் தடை மனிதனை நிறுத்துகிறது, ஓடைக்குள் ஏற்கெனவே நுழைந்த டிரவுட்டை நிறுத்துவதில்லை. பாதுகாக்கப்பட்ட நீரில் அதுவும் பாதுகாக்கப்படுகிறது.

நான் திருத்தி எழுதினால் இப்படி எழுதுவேன்: டிரவுட் குளங்களில் மட்டும் வளரட்டும், சந்தைக்குப் போகட்டும். ஓடைகளில் குஞ்சு விடுவது நிற்கட்டும். எமரால்டு போன்ற அணைகளில் உரிமத்தோடு தூண்டில் இருக்கட்டும். அந்த உரிமம் முதலில் மஞ்சூர், எடக்காடு பக்கத்து ஆட்களுக்கும், மண்புழு கோத்துக் கெண்டைக்குக் காத்திருப்பவருக்கும் கிடைக்கட்டும். டிரவுட்டுக்கு எண்ணிக்கை வரம்பே வேண்டாம். தேங்கிய நீரில் அது முட்டையிடுவதில்லை. சரளை கிடக்கும் ஓடையைத் தேடித்தான் ஏறும். ஆகவே அணைக்குள் வந்து விழும் எந்தெந்த ஓடையில் அது இனம் பெருக்குகிறது, எந்த அருவிக்கு மேல் அது இன்னும் ஏறவில்லை என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அருவிக்கு மேலே டேனியோ மிஞ்சியிருக்கலாம்.