துப்பாக்கிக்கு முன்னே நிற்கும் கண்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் வாஷ் என்றொரு பரந்த கழிமுகம். குளிர்கால விடியலில் அங்கே காட்டு வாத்து வேட்டைக்குப் போகிறவர் சுடுவது சில விநாடிதான். மற்ற நேரமெல்லாம் காற்றையும் ஓதத்தையும் படிக்கிற வேலை. காற்று பலமாக அடித்தால் பறவை தாழப் பறக்கும். ஓதம் ஏறினால் சேற்று ஓடைகள் முதலில் நிரம்பி, முதுகுப் பக்கமே வழியை அடைத்துவிடும். அதனால் ஓத அட்டவணை பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்புவது ஆபத்து. அரையிருட்டில் இன்ன பறவை என்று தெரியாமல் சுடவும் கூடாது. பிரெண்ட் வாத்துக்கு அங்கே 1954 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. எங்கே போனாலும் காற்றின் திசை பார்ப்பது, போகும்போதே திரும்பும் வழியைக் குறித்துக்கொள்வது, பெயர் உறுதியாகும்வரை கையை அடக்குவது: வேட்டையில் ரசிக்க வேண்டியது இந்தப் பழக்கங்களைத்தான் என்பேன்.

இதற்குச் சாட்சி பீட்டர் ஸ்காட். இளமையில் தீவிர வேட்டைக்காரர். 1946-இல் செவர்ன் ஆற்றோரம் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைகளுக்கான அறக்கட்டளையைத் தொடங்கினார்; பிறகு துப்பாக்கியையே கைவிட்டார். கண்ணை மட்டும் விடவில்லை. அங்கே குளிர்காலத்தில் வரும் பெவிக் அன்னங்களின் அலகில் மஞ்சளும் கறுப்பும் கலந்திருக்கும் விதம் ஒன்றுக்கொன்று வேறு என்று கண்டு, 1964 முதல் ஒவ்வொன்றையும் முகம் வரைந்து பெயரிட்டு அடையாளம் வைத்தார். இனத்தைப் பிரித்தறியப் பழகிய கண், தனித்தனி முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

கொலையில் கற்ற பாடத்தை மெச்சலாமா என்று கேட்பது நியாயம். வேட்டை எல்லாவற்றையும் கற்றுத்தரவில்லை என்பதும் உண்மை: சேற்றில் கிடக்கும் ஈயக் குண்டுகளைக் கல்மணி என்று விழுங்கி வாத்துகள் நஞ்சேறிச் செத்தன, இங்கிலாந்தில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டைத் தடுக்க 1999-இல் சட்டம் வர வேண்டியிருந்தது. பறவை மேல் அக்கறை வர வேட்டை தேவையுமில்லை. வேடந்தாங்கல் மக்கள் துப்பாக்கி தொடாமலே ஏரிப் பறவைகளைக் காத்தவர்கள். எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்று அறிந்து, பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரர்கள் மேல் முறையிட்டு, 1798-இல் கலெக்டரிடம் பாதுகாப்பு ஆணை பெற்றார்கள். ஆனால் அரையிருட்டில் பறவையைப் படிக்கும் கலை தனி. அதைத் துப்பாக்கியிலிருந்து பிரித்து எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொள்ளும் வழி இதுதான். மார்கழி, தை விடியலில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குச் சூரியனுக்கு முன்பே போய்விடுங்கள். பைனாகுலரைக் கொஞ்ச நேரம் கழுத்திலேயே தொங்கவிடுங்கள். காற்று கன்னத்தில் எந்தப் பக்கம் படுகிறது என்று பாருங்கள். பறவை பெரும்பாலும் காற்றை எதிர்த்தே நீரில் இறங்கும். நீண்ட கழுத்தும் கூர்வாலும் நிழலாகத் தெரிந்தால் ஊசிவால் வாத்து. நீரிலிருந்து சட்டென்று செங்குத்தாக எழும் சிறு உரு கிளுவையாக இருக்கலாம். நிறம் தெரிவதற்கு முன்பே பெயரைச் சொல்லிவிடுங்கள். வெளிச்சம் வந்ததும் பைனாகுலரை எடுத்துச் சரிபாருங்கள்.