ஷாஃப்ட் இயக்க சாகச மோட்டார் சைக்கிள்களின் பின் சஸ்பென்ஷன்: ஒரு மதிப்பீடு

எஞ்சினின் சக்தியைச் சங்கிலிக்குப் பதிலாகச் சுழலும் உருக்குத் தண்டு ஒன்றின் மூலம் பின்சக்கரத்துக்குக் கொண்டு செல்பவை ஷாஃப்ட் இயக்க மோட்டார் சைக்கிள்கள். இவற்றுள் நெடும்பயணத்துக்கும் கரடுமுரடான பாதைக்கும் ஏற்ப உருவாக்கப்பட்ட முன்னோடி வண்டி, ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1980-இல் வெளியிட்ட ஆர் 80 ஜி/எஸ் ஆகும். அதன் வழிவந்த பழைய வண்டிகளை வைத்திருப்போர் பலரும் முதலில் மாற்ற விரும்பும் பாகம் பின் ஷாக் அப்சார்பர். அந்த மாற்றம் எப்போது பயன் தருகிறது, எப்போது கேடு செய்கிறது என்பதை அறிய, முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சேலம், நாமக்கல் பகுதியில் இவ்வண்டிகளைக் காண்பது அரிது. ஆனால் இவற்றின் அடிப்படை இங்கு ஓடும் ஒவ்வொரு லாரியிலும் உள்ளது. லாரியிலும் சுழலும் ஷாஃப்ட், கிரவுன், பினியன் ஆகியவையே பின்சக்கரத்தை ஓட்டுகின்றன. லாரி பாடி கட்டுவதற்குப் பெயர் பெற்ற நாமக்கல்லின் பட்டறைகளில் பழகியவர்களுக்கு இந்த ஒப்பீடு எளிதில் விளங்கும்.

அடிப்படைச் சிக்கல்

பினியன் கிரவுனைச் சுழற்றிச் சக்கரத்தைத் திருப்பும்போது, அதன் எதிர்விசை அந்தப் பற்சக்கரங்களைத் தாங்கும் கூட்டைத் திருப்ப முயல்கிறது. லாரியில் இவ்விசையைப் பட்டைகள் வளைந்து வாங்கிக்கொள்கின்றன. மோட்டார் சைக்கிளில் அந்தக் கூடு, சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மோடு அசையாதபடி இணைந்திருந்தால், விசை முழுவதும் ஸ்விங் ஆர்மைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அதனால் ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது வண்டியின் பின்புறம் எழும்புகிறது, விட்டால் தாழ்கிறது. பழைய பி.எம்.டபிள்யூ. வண்டிகளுக்கு ஜெர்மனியில் 'ரப்பர் பசு' என்ற கேலிப்பெயர் வந்ததற்கு இந்த ஆட்டமே காரணம்.

இது வெறும் வசதிக்குறைவு அன்று. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அத்தகைய வளைவு ஒன்றின் நடுவே பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென விட்டால், சாய்ந்திருக்கும் வண்டி மேலும் தாழும். தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி மிகவும் தேவைப்படும் நேரத்தில் குறையும்.

மோனோலீவர்

ஆர் 80 ஜி/எஸ் வண்டியின் பின்சக்கரத்தை வலப்பக்கத்தில் உள்ள ஒற்றை ஆர்ம் மட்டுமே தாங்குகிறது. ஷாஃப்ட் அதனுள்ளேயே சுழல்கிறது. சக்கரத்தைக் காரின் சக்கரம் போல ஒரு பக்கமாகவே கழற்றிவிடலாம். எடை குறைவு, பராமரிப்பு எளிது. ஆனால் மேலே சொன்ன எழும்பல் சிக்கல் அப்படியே இருந்தது. ஒரே பாகம் சக்கரத்தையும் தாங்கி, எதிர்விசையையும் வாங்க வேண்டியிருப்பதே இதன் அடிப்படைக் குறை.

பாரிஸ்–டக்கார் பந்தயத்தில் 1981, 1983 ஆண்டுகளில் ஊபேர் ஓரியோலும், 1984, 1985 ஆண்டுகளில் காஸ்டன் ராயேயும் பி.எம்.டபிள்யூ. வண்டியில் வென்றனர். இவ்வெற்றிகள் வடிவமைப்பின் சிறப்புக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அவ்வாறு கொள்வது முழுமையாகப் பொருந்தாது. பந்தய வண்டிகள் கடையில் விற்ற வண்டிகள் அல்ல. அவற்றின் சட்டமும் சஸ்பென்ஷனும் பந்தயத்துக்காகவே வலுப்படுத்தப்பட்டவை.

பாராலீவர்

1987-இல் வந்த ஆர் 100 ஜிஎஸ் வண்டியில் இக்குறைக்குத் தீர்வு காணப்பட்டது. பற்சக்கரக் கூடு ஸ்விங் ஆர்மின் நுனியில் கீல் போல அசையுமாறு பொருத்தப்பட்டது. கூட்டின் எதிர்விசையைத் தாங்க, ஆர்முக்கு இணையாகத் தனிக் கம்பி ஒன்று சேர்க்கப்பட்டது. இரட்டைப் பின் அச்சு லாரிகளில் 'டார்க் ராடு' செய்யும் வேலையையே இக்கம்பியும் செய்கிறது. சக்கரத்தைத் தாங்குவது ஒரு பாகம், எதிர்விசையை வாங்குவது மற்றொரு பாகம் என வேலை பிரிக்கப்பட்டதால், மிக நீண்ட ஸ்விங் ஆர்ம் பொருத்தியது போன்ற அமைதி கிடைத்தது.

இதற்கும் ஒரு விலை உண்டு. மோனோலீவரில் ஒரு யூனிவர்சல் ஜாயிண்ட் போதும். அதுவும் எண்ணெயில் நனைந்தே சுழலும். பாராலீவரில் இரண்டு ஜாயிண்ட்கள் வேண்டும். அவை எண்ணெய்க் குளியல் இன்றிச் சுழல்கின்றன. நிறுவனம் தந்த ஷாஃப்டில் ஜாயிண்டை மட்டும் கழற்றி மாற்றவும் வழியில்லை. ஒரு தேய்மானத்துக்காக ஷாஃப்டையே மாற்ற வேண்டிய வடிவமைப்பு, தொலைதூரப் பயண வண்டிக்குப் பெருங்குறை. கிரீஸ் இடவும் ஜாயிண்டை மாற்றவும் வசதியுள்ள ஷாஃப்ட்களைப் பிற தயாரிப்பாளர்கள் விற்க முன்வந்தது இதனால்தான்.

பிற்கால மாற்றங்கள்

உரிமையாளர்கள் செய்யும் மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, அதே நீளத்தில் தரமான ஷாக் அப்சார்பர் பொருத்துவது. ஓலின்ஸ், டபிள்யூ.பி., வில்பர்ஸ் போன்ற நிறுவனங்களின் ஷாக்குகள் இவ்வகையில் பயன்படுகின்றன. ஓட்டுநர், சுமை ஆகியவற்றின் எடைக்கு ஏற்ற சுருள்வில்லைத் தேர்ந்தால் இது நல்ல மாற்றம். ஓட்டுநர் அமர்ந்த நிலையில், மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்கியிருப்பது பொது விதி. 180 மி.மீ. அசைவுள்ள வண்டியில் அது சுமார் 60 மி.மீ.

இரண்டாவது, வண்டியை உயர்த்த நீளமான ஷாக் பொருத்துவது. இதில்தான் ஆபத்து உள்ளது. சக்கரம் கீழே இறங்க இறங்க ஜாயிண்டின் கோணம் கூடுகிறது. கோணம் கூடினால் ஷாஃப்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறி இறங்கும். ஜாயிண்ட் விரைவில் தேயும். ஓடும்போது ஜாயிண்ட் உடைந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளக்கூடும். சங்கிலி வண்டியில் உயரம் கூட்டினால் சங்கிலியின் தளர்வைச் சரிசெய்தால் பெரும்பாலும் போதும். ஷாஃப்ட் வண்டியில் அப்படி முடியாது.

மூன்றாவது, ஸ்விங் ஆர்மையே நீட்டுவது. ஜெர்மனியின் ஹெச்.பி.என். நிறுவனம் இதில் பெயர் பெற்றது. நீண்ட ஆர்ம் எழும்பலைக் குறைக்கும். மணலில் நேராக ஓட உதவும். ஆனால் இரு சக்கரங்களுக்கு இடையிலான தொலைவு கூடுவதால் மலைச்சாலையின் குறுகிய வளைவுகளில் திருப்புவது கடினமாகும்.

பட்டையும் சுருள்வில்லும்

சுமை கூடினால் லாரியில் பட்டை ஒன்றைக் கூடுதலாகச் சேர்ப்பது வழக்கம். அதே எண்ணத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கடினமான சுருள்வில் மட்டும் போடுவது தவறு. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால், பட்டை கூடும்போது விறைப்புடன் ஆட்டத்தை அடக்கும் தன்மையும் கூடுகிறது. சுருள்வில்லில் உராய்வு மிகக் குறைவு. ஆட்டத்தை அடக்கும் பொறுப்பு முழுவதும் ஷாக்கினுள் உள்ள எண்ணெயைச் சார்ந்தது. பழைய ஷாக்கின் மேல் புதிய கடினமான வில்லைப் போட்டால், வேகத்தடையைத் தாண்டியதும் பின்புறம் துள்ளும்.

மதிப்பீடு

பாராலீவர் அமைப்பு மோனோலீவரைவிட மேம்பட்டது என்பதில் ஐயமில்லை. எனினும் ஓட்டும்போது தெரிந்த குறையை அது பழுதுபார்க்கும்போது தெரியும் குறையாக மாற்றியது என்பதே சரியான கணிப்பு. சங்கிலியால் இயங்கும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் (2016), ஓசூரில் டி.வி.எஸ். தயாரித்த பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஜிஎஸ் ஆகியவற்றிலும் பின் அசைவு 180 மி.மீ. தான். அந்த எண்ணை மட்டும் வைத்து வண்டியை எடைபோட முடியாது. ஷாஃப்ட் வண்டியில் உயரம், வில், ஜாயிண்ட் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்றைத் தொடுபவர் மற்ற இரண்டையும் அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.